கூடவே கொண்டு செல்லக்கூடிய மலசலகூடமும் குளிப்பிடமும்

இடம்பெயர்ந்த குடும்பமொன்று புதிய இடத்திற்கு வந்து சேர்ந்ததும் முதலில் தேடுவது தலைக்கு மேல் ஒரு கூரை. அடுத்தது அடுப்பு மூட்ட ஓரிடம். அதற்கடுத்தது குடிதண்ணீர். மலசலகூடமும் குளிப்பிடமும் எப்பொழுதும் கடைசியிலேயே வருகின்றன. "இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் ஊருக்குத் திரும்பிவிடுவோம், பிறத்தியாருடைய காணியில் எதற்கு இந்தச் செலவு?" என்ற கேள்வியை நாம் பல இடங்களிலும் கேட்டிருக்கிறோம்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் எமது நாட்டின் அனுபவம் வேறொன்றைச் சொல்கிறது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களுள் பல, கால் நூற்றாண்டு கடந்த பின்னரும் நலன்புரி நிலையங்களிலேயே வாழ்ந்தன. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்தை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தவர்களுட் பலர் சில நாட்களில் திரும்பலாம் என்றே கையில் அகப்பட்டதோடு புறப்பட்டார்கள். 2009 இல் செட்டிகுளத்தில் மக்கள் தங்கவைக்கப்பட்ட மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில்தான் மூடப்பட்டது. 'தற்காலிகம்' என்ற சொல்லுக்கு நாட்காட்டி கிடையாது. கொட்டில் தற்காலிகமாக இருக்கலாம். உடம்பின் தேவை தற்காலிகமானதல்ல.

ஆகவே இக்கட்டுரையில், நீங்களே கட்டிய சிறு கொட்டிலோடு சேர்த்து, குறைந்த செலவில் ஒரு மலசலகூடத்தையும் குளிப்பிடத்தையும் எவ்வாறு அமைத்துக்கொள்ளலாம் என்பதை விளக்குகிறோம். ஊர் திரும்பும் நாளில் குழியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போகத்தக்கதாகவே இதனை அமைக்கப்போகிறோம். போட்ட காசு வீணாகாது.

மூன்று தண்ணீரும் மூன்று வழியும்

மேல்நாடுகளில் குதிரைகளை ஏற்றிச் செல்லும் இழுவைப் பெட்டியின் முன்பகுதியில் படுக்கையும் அடுப்பும் வைத்து, தாங்களே ஒரு சிறு வாழிடம் அமைத்துக்கொள்பவர்கள் உண்டு. அதிலே குளியலறையும் சேர்க்க முற்படும்போது அவர்கள் முதலில் மூன்று தாங்கிகளுக்கு இடம் பார்க்கிறார்கள். ஒன்று நல்ல தண்ணீருக்கு; மற்றது குளித்த, கழுவிய தண்ணீருக்கு; மூன்றாவது மலசலம் கலந்த தண்ணீருக்கு. இம்மூன்றும் ஒன்றோடொன்று கலக்கவே கூடாது என்பதுதான் அந்த வேலையின் அடிப்படை விதி.

எமது கொட்டிலுக்குச் சில்லு இல்லை. ஆயினும் விதி ஒன்றே. நல்ல தண்ணீர் மூடிய பாத்திரத்தில் இருக்கவேண்டும். குளித்த தண்ணீர் வாழைக்குப் போகவேண்டும். மலசலம் குழிக்குள் போகவேண்டும். குளித்த தண்ணீரையும் மலக்குழிக்குள் விட்டால், மண் உறிஞ்சக்கூடிய அளவிலும் கூடிய தண்ணீர் சேர்ந்து குழி விரைவில் நிரம்பி வழியும், மாரியில் நாறும். இந்த ஒரு விடயத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எல்லாம் எளிதாக விளங்கும்.

தள்ளிப்போட்டால் வருவது என்ன?

வெட்டவெளியில் கழிக்கப்படும் மலத்திலிருந்து கிருமிகள் கை, ஈ, தண்ணீர், மண் ஆகியவற்றின் வழியாகச் சோற்றுக்கு வந்து சேருகின்றன. வயிற்றோட்டம், வயிற்றுளைவு, வாந்திபேதி, நெருப்புக்காய்ச்சல், செங்கமாரி ஆகியவை இவ்வழியே பரவுபவை. கொழுக்கிப்புழுவுக்கு வாய் கூட வேண்டியதில்லை. ஈரமண்ணில் இருக்கும் அதன் குடம்பி வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். தோட்டத்திலும் வயலிலும் வெறுங்காலோடு வேலை செய்யும் எம்மவருக்கு வரும் களைப்புக்கும் சோகைக்கும் இதுவும் ஒரு காரணம்.

நோயை விடவும் பெரிய சுமை ஒன்றுண்டு. மறைவிடம் இல்லாத இடத்தில் பெண்கள் விடியுமுன்னும் பொழுது பட்ட பின்னுமே வெளியே போகிறார்கள். பகல் முழுவதும் அடக்கிக்கொள்வதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். இதனால் சிறுநீர்க் கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் வருகின்றன. இருட்டில் பற்றைக்குள் போகும்போது பாம்புக்கடிக்கும், அதனிலும் கொடிய மனிதத் தொல்லைகளுக்கும் ஆளாகிறார்கள். ஒரு மலசலகூடம் வீட்டுப் பெண்ணுக்குக் கொடுக்கும் பாதுகாப்பைக் காசால் அளக்க முடியாது. 2010 யூலை 28 ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தூய நீரும் சுகாதார வசதியும் மனித உரிமை எனத் தீர்மானித்ததன் பொருளும் இதுவே. இடம்பெயர்ந்தவர் என்பதால் அந்த உரிமை குறைந்துபோவதில்லை.

இடம் தெரிதல்

அனர்த்த காலங்களில் நிவாரண நிறுவனங்கள் பின்பற்றும் 'ஸ்பியர்' கைநூல் சில எளிய அளவுகளைத் தருகிறது. மலக்குழி கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீற்றர், அதாவது ஏறக்குறைய 100 அடி தள்ளியிருக்கவேண்டும். குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்திற்கு மேலே குறைந்தது ஒன்றரை மீற்றர், அதாவது 5 அடி உயரத்தில் இருக்கவேண்டும். மலசலகூடம் குடியிருப்பிலிருந்து 50 மீற்றருக்கு மேற்படாத தூரத்தில் இருக்கவேண்டும். அயலவரின் கிணற்றையும் சேர்த்தே அளக்கவேண்டும். காணி சரிவாக இருந்தால் கிணற்றிலும் பள்ளமான பக்கத்தையே தெரிய வேண்டும்.

நீர்மட்டத்தை எப்படி அறிவது? கருவி எதுவும் வேண்டியதில்லை. அயலிலுள்ள கிணற்றுக்காரரிடம் மார்கழி மாதத்தில் தண்ணீர் எவ்வளவு மேலே வரும் என்று கேளுங்கள். ஆவணியில் பார்க்கும் மட்டம் எம்மை ஏமாற்றிவிடும். மார்கழியில் தண்ணீர் நிலமட்டத்திலிருந்து 9 அடி கீழே நிற்கும் என்றால், அதில் 5 அடியைக் கழித்துவிடுங்கள். மீதி 4 அடி ஆழத்திற்குக் குழி வெட்டலாம். 6 அடி கீழேயே தண்ணீர் நிற்கும் என்றால் 1 அடிதான் வெட்டலாம். மீதி 3 அடியை நிலத்துக்கு மேலே கட்டி எழுப்பி, சுற்றிவர 3 அடி அகலத்திற்கு மண் அணைத்து இறுக்கி, படி வைத்து ஏறிப் போகவேண்டும். வயலோரத்திலும் குளத்தின் கீழும் குடியிருப்போருக்கு இதுவே ஏற்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருப்பவர்கள் மேலும் ஒரு விடயத்தைக் கவனிக்கவேண்டும். அங்கே மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். மண்ணானது தண்ணீரை மெல்ல மெல்ல வடிகட்டி விடும். கல்லின் வெடிப்போ வடிகட்டாது. அழுக்கை அப்படியே கிணற்றுக்குக் கொண்டுபோய்விடும். குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்றின் அளவு, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பது ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. தோட்டத்துக்கு இடும் உரமும் மலக்குழிகளுமே அதற்குக் காரணம். கல் தட்டுப்படும் இடத்தில் அதை உடைத்து ஆழமாக்கக்கூடாது. குழியின் அடியைச் சீமெந்தாலோ களியாலோ அடைத்து, சுற்றுச்சுவருக்கு வெளியே ஒன்றரை அடி அகலத்திற்கு மணல் நிரப்புங்கள். அந்த மணலே வடிகட்டியாக நிற்கும்.

மீள்குடியேறிய காணிகளில் இன்னொரு எச்சரிக்கை. கண்ணிவெடி அகற்றப்பட்டு உரிய முறையில் கையளிக்கப்பட்ட நிலம் என்பதை கிராம சேவையாளரிடம் உறுதிப்படுத்திய பின்னரே அலவாங்கை நிலத்தில் வையுங்கள். சிவப்பு அடையாளம் உள்ள இடத்துக்குக் கிட்டப் போகவே வேண்டாம்.

வெட்டத் தொடங்குமுன் இரண்டு பேரைக் காணவேண்டும். ஒருவர் காணிக்காரர். "கோப்பையையும் தட்டையும் நாங்கள் கழற்றிக்கொண்டு போவோம், குழியை மண்ணிட்டு மூடித் தருவோம்" என்று ஒரு கடுதாசியில் எழுதிக் கொடுங்கள். நிரந்தரக் கட்டடம் எழுந்து காணி உரிமைப் பிரச்சினை வந்துவிடுமோ என்ற பயம் பல காணிக்காரருக்கு உண்டு. எழுத்தில் இருந்தால் அந்தப் பயம் தீரும், உறவும் கெடாது. மற்றவர் உங்கள் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அவரைச் சந்திக்கலாம். உங்கள் மண்ணையும் நீர்மட்டத்தையும் அறிந்தவர் அவர். இடத்தைக் காட்டி அவருடைய ஆலோசனையைப் பெறுவதற்குச் செலவில்லை.

குழி

நாம் இங்கே சொல்வது நீரடைப்பு மலசலகூடம். கோப்பைக்குக் கீழே வளைந்த குழாயில் எப்போதும் சிறிது தண்ணீர் தேங்கி நிற்கும். குழியின் மணமும் ஈயும் அந்தத் தண்ணீரைக் கடந்து மேலே வரமுடியாது. 1775 இல் அலெக்சாந்தர் கமிங் என்ற மணிக்கூட்டுக்காரர் இலண்டனில் காப்புரிமை பெற்ற அதே வளைவுதான் இன்று எமது கோப்பைக்குக் கீழும் இருக்கிறது. கையால் 2 அல்லது 3 லீற்றர் தண்ணீர் ஊற்றினால் போதும். உயரத் தாங்கி எதுவும் தேவையில்லை.

குழி கோப்பைக்கு நேர் கீழே அல்லாமல் 3 முதல் 6 அடி வரை தள்ளியிருக்கட்டும். இதனால் இரண்டு நன்மைகள் உண்டு. மனிதர் நிற்கும் தட்டு திடமான நிலத்தின் மேல் இருப்பதால் இடிந்து விழும் பயமில்லை. குழி நிரம்பினால் தட்டை அசைக்காமல் இன்னொரு குழிக்குக் குழாயைத் திருப்பலாம்.

அளவைப் பார்ப்போம். நீர் ஊற்றும் குழியில் ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 40 லீற்றர் கசடு சேரும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்கு ஆண்டுக்கு 200 லீற்றர். மூன்று ஆண்டுக்கு 600 லீற்றர். உள்விட்டம் 3 அடி 3 அங்குலமும் மொத்த ஆழம் 4 அடியும் கொண்ட வட்டக்குழி, குழாய் வந்து விழும் மட்டத்திற்குக் கீழே இதைத் தாராளமாகக் கொள்ளும். ஆகவே மூன்று ஆண்டுகளுக்குக் கவலையில்லை. எட்டுப் பேர் இருந்தால் இரண்டு ஆண்டுகள்.

மணற் பாங்கான இடங்களில் உட்சுவர் கட்டாயம் வேண்டும். இல்லையேல் முதல் மழையிலேயே சரியும். 4 அங்குலச் சீமெந்துக் கற்கள் ஏறக்குறைய 45 போதும். கீழ் வரிகளில் கற்களுக்கிடையே இரண்டு விரல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். தண்ணீர் அதனூடாக மண்ணுக்குப் போகும். மேல் ஓரடியை இடைவெளியின்றிச் சாந்து பூசி, நிலமட்டத்திற்கு அரை அடி உயரமாக நிறுத்துங்கள். அப்போதுதான் மழைவெள்ளம் உள்ளே புகாது. இறுகிய களிமண்ணானால் மேல் ஓரடிக்கு மட்டும் கல் கட்டினாலும் நிற்கும்.

பிற்காலத்தில் இரண்டாவது குழியை முதலாவதிலிருந்து 4 அடி தள்ளி வெட்டலாம். ஒன்று நிரம்பியதும் மற்றதற்குக் குழாயைத் திருப்பி, நிரம்பியதை மூடி இரண்டு ஆண்டுகள் விட்டுவிட்டால், கிருமியும் புழுமுட்டையும் இறந்து, மணமற்ற கறுத்த மண்ணாக மாறிவிடும். தென்னைக்கும் வாழைக்கும் அது நல்ல பசளை. இந்தியாவில் பிந்தேசுவர் பாதக் என்பவர் 1970 இல் பீகாரில் தொடங்கிய சுலப் இயக்கம் இந்த இரட்டைக்குழி முறையையே நாடெங்கும் பரப்பியது. மலத்தைக் கையாலும் வாளியாலும் அள்ளிச் சுமந்த மக்களை அந்த இழிநிலையிலிருந்து விடுவிப்பதே அவருடைய நோக்கம்.

கழற்றக்கூடிய தட்டும் கோப்பையும்

இனி, கூடவே கொண்டு செல்லும் பகுதிகள். ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு அரை அங்குலச் சல்லி. கால் அங்குலக் கம்பியை ஆறு அங்குலத்திற்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டவேண்டும். கலவையில் தண்ணீர் கூடினால் பலம் குறையும். உருட்டினால் கையில் நிற்கும் பதம் போதும்.

கோப்பைத் தட்டு: 3 அடி நீளம், இரண்டரை அடி அகலம், 2 அங்குலத் தடிப்பு. நிலத்தில் பொலித்தீன் விரித்து, பலகைச் சட்டம் வைத்து, கோப்பை இறங்கும் அளவுக்கு நடுவிலே பள்ளம் தோண்டி, கோப்பையை அதில் இருத்தி, சுற்றிவரக் கொங்கிறீற் இடவேண்டும். கோப்பையின் விளிம்பு தட்டின் மேற்பரப்பிலும் சற்றுத் தாழ்ந்திருந்தால் தண்ணீர் உள்ளே வடியும். இதன் நிறை ஏறக்குறைய 70 கிலோ. நான்கு பேர் சுலபமாகத் தூக்கலாம். பயணத்தில் உடையாதிருக்கப் பீங்கானை விடப் பிளாஸ்ரிக் கோப்பை நல்லது.

குழி மூடி: 4 அடி விட்டமுள்ள வட்டம், இரண்டரை அங்குலத் தடிப்பு. முழுதாக வார்த்தால் 180 கிலோ அளவில் நிறுக்கும். ஆகவே இரண்டு பாதிகளாக வார்த்து, ஒவ்வொன்றிலும் தூக்குவதற்குக் கம்பி வளையம் வையுங்கள். பொருத்து வாயைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்தால் பின்னர் தட்டிக் கழற்றலாம்.

குளிப்புத் தட்டு: 3 அடிக்கு 2 அடி அளவில் இரண்டு துண்டுகள், 2 அங்குலத் தடிப்பு. மேற்பரப்பைச் சற்றுச் சொரசொரப்பாக விடுங்கள், வழுக்காது.

இத்தனைக்கும் ஒரு சீமெந்துப் பை போதும். குழிச் சுவருக்கும் பூச்சுக்கும் இன்னொரு பை. வார்த்த பின் ஏழு நாட்களுக்கு ஈரச் சாக்குப் போட்டு வைத்திருக்கவேண்டும். அவசரப்பட்டு இரண்டாம் நாள் தூக்கினால் வெடித்துவிடும்.

கோப்பையிலிருந்து குழிக்கு 4 அங்குலப் பிவிசி குழாய் போகட்டும். ஒவ்வொரு 3 அடிக்கும் ஓர் அங்குலம் சரிவு வேண்டும். வளைவு இருக்கக்கூடாது. சரிவு குறைந்தால் அடைக்கும். பிறகு தடி விட்டுக் குத்தும் வேலை வரும்.

சுற்று மறைப்பிற்குக் கிடுகு, பனையோலை, தகரம், தறப்பாள் எதுவும் உதவும். நான்கு மூலைக் கம்புகளை நிலத்தில் நட்டு, மறைப்பைச் சட்டங்களில் தனித்தனியாகக் கட்டினால் சட்டத்தோடு கழற்றலாம். கூரை கட்டாயம் வேண்டும். மழையில் நனைந்துகொண்டு இருக்கவேண்டிய மலசலகூடத்துக்கு யாரும் போகமாட்டார்கள்.

தண்ணீர் அரிதான இடத்தில்

கோடையில் குடிக்கவே தண்ணீர் அரை மைல் சுமக்கும் இடங்களில் நீரடைப்பு முறை சரிவராது. அங்கே காற்றுக் குழாய் வைத்த உலர்குழி ஏற்றது. சிம்பாப்வேயில் 1970 களில் பீற்றர் மோர்கன் என்பவர் உருவாக்கிய முறை இது. குழிக்கு மேலே துவாரமுள்ள தட்டு. குழியிலிருந்து கூரைக்கு மேல் ஒன்றரை அடி உயரும் குழாய். குழாயின் நுனியில் நுளம்புவலைக் கம்பி. குழாயின் மேலாக வீசும் காற்று குழியின் மணத்தை மேலே இழுத்துவிடும். உள்ளே இருட்டாக இருப்பதால் குழிக்குள் இருக்கும் ஈக்கள் வெளிச்சம் தெரியும் குழாய் வழியே ஏறி, வலையில் அகப்பட்டுச் சாகும். ஆகவே இதற்கு ஒளி புகாத சுவரும் கூரையும் அவசியம். குழாய் வெயில் படும் பக்கத்தில் நிற்பது நல்லது.

குளிப்பிடமும் வாழையும்

'கூழானாலும் குளித்துக் குடி' என்பது எம்முடைய மூதுரை. தோட்ட வேலை முடித்து வருபவர்களுக்குக் குளிப்பு ஆடம்பரமல்ல. ஆனால் பொதுக் கிணற்றடியில் பலர் பார்க்கக் குளிக்கவேண்டிய நிலையில் எமது பெண்பிள்ளைகள் படும் கூச்சம் சொல்லி முடியாது. கிணற்றடியிலேயே குளிக்கும்போது சவர்க்காரத் தண்ணீர் திரும்பவும் கிணற்றுக்குள்ளேயே வடிகிறது.

மலசலகூடத்தின் ஒரு பக்கச் சுவரைப் பொதுவாக வைத்து, குளிப்புத் தட்டுகள் இரண்டையும் பக்கத்தில் இறுகிய மணலின் மேல் பதியுங்கள். 4 அடிக்கு ஓர் அங்குலம் சரிவு. தாழ்ந்த பக்கத்தில் ஒரு சிறு வாய்க்கால். அதன் முனையில் அடியில் துளையிட்ட பழைய வாளி ஒன்றில் சல்லியும் மணலும். சவர்க்கார அழுக்கும் தலைமயிரும் அதில் தங்கும். மாதம் ஒருமுறை மணலை மாற்றுங்கள்.

அங்கிருந்து தண்ணீர் வாழைப் பாத்திக்குப் போகட்டும். 3 அடி அகலமும் 2 அடி ஆழமுமுள்ள ஒரு குழியைக் குப்பை, சருகு, வைக்கோல் போட்டு நிரப்பி, சுற்றிவர நான்கு அல்லது ஐந்து வாழைகளை நடுங்கள். ஒருவர் ஒரு வாளி, 20 லீற்றர் தண்ணீரில் குளித்தால் ஐந்து பேருக்கு 100 லீற்றர். அத்தனை வாழைகள் அதை வெயில் காலத்தில் குடித்துவிடும். தேங்கி நிற்காததால் நுளம்பும் பெருகாது. இந்தத் தண்ணீரைக் கீரைக்கும் பச்சையாக உண்ணும் மரக்கறிக்கும் விடவேண்டாம். உடுப்புத் தோய்த்த கடைசித் தண்ணீரை மலசலகூடத்துக்கு ஊற்ற எடுத்து வைத்தால் நல்ல தண்ணீர் மிச்சமாகும்.

மனிதருக்கு ஏற்றவாறு

கதவு வீட்டுப் பக்கம் பார்த்திருக்கட்டும். உள்ளிருந்து பூட்டும் கொழுக்கி அவசியம். இரவில் ஒரு விளக்கு கொழுவ ஆணி ஒன்று அடியுங்கள். எங்கே வைப்பது, கதவு எப்படி என்பதை வீட்டுப் பெண்களிடம் கேட்டே தீர்மானியுங்கள். நாளாந்தம் அதிகம் பயன்படுத்துபவர்கள் அவர்களே. மாதவிலக்குத் துணியைக் கழுவுவதற்குக் குளிப்பிடத்திற்குள் ஒரு வாளியும், மறைவான ஆனால் வெயில் படும் ஒரு கொடியும் தேவை. வெயிலில் உலராத துணி தொற்றைத் தரும்.

முதியோருக்கும், காலிழந்தோருக்கும், கர்ப்பிணிகளுக்கும் பிடித்து எழும்ப ஒரு கம்பு நட்டு வையுங்கள். குந்தியிருக்க முடியாதவருக்கு, இருக்கையின் நடுவில் துவாரம் வெட்டிய பலமான கதிரை ஒன்றைக் கோப்பைக்கு மேலே வைத்தால் போதும். குழந்தையின் மலம் தீங்கற்றது என்று எண்ணி முற்றத்தில் விடும் வழக்கம் பிழையானது. அதில் நோய்க்கிருமி பெரியவர்களின் மலத்தில் உள்ளதை விடக் கூடுதலாகவே இருக்கலாம். அதையும் அள்ளிக் கோப்பைக்குள் போடவேண்டும்.

வாசலில் கை கழுவ ஓர் ஏற்பாடு இருக்கவேண்டும். 5 லீற்றர் பிளாஸ்ரிக் கான் ஒன்றில் ஆணியால் துளையிட்டு, கம்பில் தொங்கவிட்டு, காலால் மிதித்துச் சரிக்கும்படி கயிறு கட்டினால் போதும். சவர்க்காரத்தைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிடுங்கள். சவர்க்காரம் போட்டுக் கை கழுவும் பழக்கம் மட்டுமே வயிற்றோட்டத்தை ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைக்கும்.

பராமரிப்பு

நாள்தோறும் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தேயுங்கள். கிருமிநாசினித் திராவகங்களை வாளிக்கணக்கில் குழிக்குள் ஊற்றவேண்டாம்; மலத்தை மண்ணாக்கும் நல்ல நுண்ணுயிர்களும் அதனால் இறந்துவிடும். நுளம்புக்காகக் கழிவு எண்ணெயோ மண்ணெண்ணெயோ ஊற்றுவது கிணற்றையே கெடுக்கும். தண்ணீர் சேர்த்து வைக்கும் பரலை மூடி வைத்து, வாரம் ஒருமுறை உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிடுவது அந்த நல்ல தண்ணீரில்தான்.

பல குடும்பங்கள் ஒன்றைப் பகிர்வதானால் 20 பேருக்கு ஒன்று என்பதே ஸ்பியர் கைநூலின் அளவு. பூட்டுப் போட்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு திறப்புக் கொடுத்து, கழுவும் முறையைக் கிழமைக்கு ஒரு குடும்பமாக எழுதி ஒட்டுங்கள். யாருடையதும் அல்லாத மலசலகூடம் ஒரு மாதத்தில் பாழாகிவிடும்.

ஊர் திரும்பும்போது

புறப்படும் நாள் வந்ததும் குழாயைப் பிடுங்கி, கோப்பைத் தட்டையும், குளிப்புத் தட்டுகளையும், மூடியின் இரு பாதிகளையும், மறைப்புச் சட்டங்களையும் வைக்கோல் பரப்பி ஏற்றுங்கள். குழிக்குள் முதலில் சாம்பலும், அதன் மேல் குறைந்தது 2 அடிக்கு மண்ணும் இட்டு மேடாக்குங்கள். பின்னர் அது தாழும். இரண்டு ஆண்டுகளுக்கு அந்த இடத்தைக் கிளறவேண்டாம் எனக் காணிக்காரரிடம் சொல்லி, அடையாளமாக அதன்மேல் ஒரு தென்னம்பிள்ளையோ வாழைக்குட்டியோ நட்டுவிடுங்கள். எம்மை இருக்கவிட்டவருடைய நிலத்தைத் துப்புரவாகத் திருப்பிக் கொடுப்பது எமது கடமை.

சொந்தக் காணியில் வீடு எழும்ப மாதங்கள் செல்லலாம். ஆனால் மலசலகூடத்துக்கு வேண்டியவை முதல் நாளே உங்கள் கையில் இருக்கும். குழி மட்டும்தான் புதிதாக வெட்டவேண்டும்.

இந்த வேலையைத் தனியே செய்யாதீர்கள். அயலிலுள்ள நான்கு குடும்பங்கள் சேர்ந்தால் பலகைச் சட்டம் ஒன்றே நால்வருக்கும் போதும். சல்லியும் மணலும் ஒரே உழவு இயந்திரத்தில் வந்துவிடும். ஒரு வீட்டுத் தட்டை நான்கு வீட்டாரும் தூக்கலாம். நிலம் காய்ந்திருக்கும் ஆடி, ஆவணி மாதங்களே வெட்டுவதற்கு வாய்ப்பானவை. ஐப்பசி மழை தொடங்குமுன் மூடி போட்டு முடித்துவிடுங்கள்.